ஒரே ஒரு 'ஏமோ'

போன வாரம் திருப்பதியில், என் வகுப்பில் ஒரு கொலைகாரனை விசாரித்தோம்.

பயப்படாதீர்கள்... பாடப்புத்தகக் கொலைகாரன்தான். அந்தக் காலத்து ஆங்கிலத் திகில் கதை. தன்னை அவமானப்படுத்திய நண்பனிடம் ஒருவன் சிரித்துப் பேசுகிறான். மது ருசி பார்க்கலாம் வா என்று நிலவறைக்கு அழைத்துப்போய், சங்கிலியில் கட்டி, உயிரோடு வைத்துச் சுவர் எழுப்பிவிடுகிறான். ஐம்பது வருஷம் கழித்து அதை நிதானமாகச் சொல்கிறான். துளி வருத்தம் கிடையாது!

"அந்த ஆளு அப்படி இன்னாதான் பண்ணிட்டான் மேடம்?" என்றாள் ரோஜா. நகரி ஊர்ப் பெண், வாய் கொஞ்சம் நீளம்.

"அவமானப்படுத்திட்டான்."

"இன்னா அவமானம்னு எங்கியுமே இல்லியே?"

"அது வேணும்னேதான்..." என்று ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் இல்ல மேடம். சொன்னா நாம சிரிச்சிடுவோம். அதான் சொல்லாம உட்டுட்டான்."

வகுப்பே சிரித்தது. நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

ஏன் என்கிறீர்களா?

சித்தூரில் எனக்கு எதிர்வீடு கனகா அக்கா. என் கிரகப்பிரவேசத்தில், அத்தனை பேர் எதிரில், "இன்னா டீச்சர், ஹாலுன்னு சொன்னீங்க, வராண்டா மாதிரி கீது!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டு வருஷம் சிரித்துக்கொண்டே இருந்தேன் — உள்ளே பல்லைக் கடித்துக்கொண்டு.

மூன்று மாதம் முன்பு நாராயணவனத்திலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். தன் பையனுக்குக் கனகா அக்காவின் மகளைப் பார்க்கிறார்களாம். "எதிர்வூடாச்சே, உங்களுக்குத் தெரியாததா? பொண்ணு குணம் எப்படிங்க?"

தங்கமான பெண். எனக்குக் காய்ச்சல் வந்தபோது நாலு நாள் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவள். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஏமோ..."

அவ்வளவுதான். தெலுங்கில் 'யாருக்குத் தெரியும்' என்று அர்த்தம். ஆனால் கல்யாண விசாரிப்பில் அப்படி இழுத்தால் எங்கள் பக்கம் அர்த்தமே வேறு. அந்த அம்மா "ஓஹோ" என்று போனை வைத்தார். சம்பந்தம் நின்றுபோனது. அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது.

வகுப்பு முடிந்ததும் அந்த அம்மாவுக்கு போன் போட்டேன். "அந்தப் பொண்ணு தங்கமுங்க. நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

"இப்ப சொல்லி இன்னா பிரயோஜனம்? பையனுக்கு ஏர்பேடுல நிச்சயம் ஆயிடுச்சே."

வீட்டுக்கு வந்தால் இருப்புக்கொள்ளவில்லை. குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். அந்த ஹாலில் நாலு எட்டு வைத்தால் சுவர் வந்துவிடுகிறது... அக்கா சொன்னது உண்மைதான்! சரி, போய்ச் சொல்லிவிடலாம் என்று கிளம்பினால், அவரே எதிரில் வந்தார்.

"டீச்சர், எந்தப் படுபாவியோ எங்க பொண்ணப் பத்தி தப்பா சொல்லிக்கீறா. அவ சரியா துன்றதே இல்ல. 'எங்கிட்ட இன்னா குறைம்மா'ன்னு கேட்டுக்கினே கீறா. யாருன்னு நீங்கதான் விசாரிச்சுச் சொல்லணும். இந்தத் தெருவுல உங்களத்தான் நம்பறேன்."

"விசாரிக்கிறேன்க்கா" என்றேன். சீ, என்ன பிழைப்பு!

கதையில் வருகிறவன் ஐம்பது வருஷம் தாங்கினான். எனக்கு மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை.

பத்திரிகையில் இந்தப் பக்கம் வெளிவந்ததும் முதல் ஆளாகப் படிப்பவர் கனகா அக்கா. அக்கா, உங்கள் பெண்ணிடம் சொல்லுங்கள் — குறை அவளிடம் இல்லை. அந்தப் படுபாவி நான்தான்.