அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு சாலை

ஞாயிற்றுக்கிழமை காலையில் உப்பளக் கரைச் சாலையில் சைக்கிள் ஓட்டுகிற கூட்டத்துக்கு அவளை நன்றாகத் தெரியும். பெயர்தான் தெரியாது. 'பின்சீட்டு' என்றால் போதும். சிறுசுகள் மரியாதைக்கு ஓர் அக்காவை ஒட்டிப் 'பின்சீட்டக்கா' என்பார்கள். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைப்பாள்.

எல்லாம் அந்த இரட்டைச் சைக்கிளால் வந்தது. ஒரே சட்டம், இரண்டு சீட்டு, நான்கு மிதி. முன்னால் அவள் கணவர், பின்னால் அவள். எதிரே வருகிறவர்கள், "அடடா, ஜோடின்னா இதுதான் ஜோடி!" என்று கை காட்டிவிட்டுப் போவார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன, வாயா வலிக்கப்போகிறது? பின்சீட்டில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தால் தெரியும் சங்கதி. அங்கே இருக்கிற ஹேண்டில் திரும்பாது, பிடித்துக்கொள்ள மட்டும். பிரேக் கிடையாது, கியர் கிடையாது. ஒரு மணி உண்டு, அடித்துக்கொள்ளலாம். சரி, மிதிப்பதையாவது நிறுத்தலாம் என்றால் அதுவும் நடக்காது. இருவர் மிதியும் சங்கிலியால் பிணைத்தவை. முன்னால் இருப்பவர் மிதிக்கிற வரை பின்னால் இருப்பவர் காலும் சுற்றியே ஆக வேண்டும்.

நேரே பார்த்தால் கணவரின் முதுகு. அவள் திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை செய்கிறவள். தையலைப் பார்த்தே பழகிய கண். அவர் சட்டையின் வலது தோள் தையல் இழுத்துக்கொண்டு நிற்பதும், கழுத்து மச்சத்தில் ஒற்றை முடி நரைத்ததும் அவளுக்கு அத்துப்படி. சாலை தெரிந்ததெல்லாம் பக்கவாட்டில்தான். இந்தப் பக்கம் உப்புப் பாத்தி, அந்தப் பக்கம் ஓடை, மதகு, பம்ப்செட் அறை, மறுபடி பாத்தி. வருவது எதுவும் தெரியாது. கடந்து போனது மட்டும் தெரியும்.

கணவர் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். ஊரில் பாதிப் பேர் அவரிடம் வண்டி பழகியவர்கள். பழகுகிறவர் கையில் ஸ்டியரிங் இருந்தாலும், பக்கத்தில் இவர் காலடியில் இரண்டாவது பிரேக் இருக்கும். வீட்டிலும் அந்தப் பிரேக் உண்டு, கண்ணுக்குத் தெரியாது. அவள் அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கினால், "மெதுவா, மெதுவா." மகள் வீட்டுக்கு ஒரு தடவை தனியாகப் போய் வரட்டுமா என்றால், "எதுக்கு? நான் இருக்கேன்ல?" கார் கற்றுக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கும் அதே பதில்தான். "நான் இருக்கேன்ல?"

கெட்ட மனிதர் இல்லை. குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. கெட்டவராக இருந்தாலாவது நாலு பேரைக் கூட்டி நியாயம் கேட்கலாம். நல்லவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது, சொல்லுங்கள்!

பம்ப்செட் அறை தாண்டினால் சாலை இரண்டாகப் பிரியும். ஒன்று வயல் வழியாக வீட்டுக்கு. மற்றது கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனைக்கு. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட முனைப் பக்கம் திருப்பியதில்லை அவர். "நான் போயிருக்கேன். அங்க ஒண்ணும் இல்லை, வெறும் காத்துதான்." முடிந்தது பேச்சு.

இப்படி இருந்தவர் சில மாதமாக ஆளே மாறிப்போனார். "இடது பக்கம் பாரு, ஏதாவது வருதா?" என்பார். கொஞ்ச தூரம் போனதும், "அந்தப் பக்கம் கிளியரா?" அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கடையில் துணி வெட்டுகிற அண்ணனிடம் ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்லிவிட்டாள். "இப்பல்லாம் என்னைக் கேட்காம ரோட்ல நகர்றதே இல்லைண்ணே."

அந்தத் தெம்பில்தான் சைக்கிள் கடைக்குப் போனாள். நீல நிறத்தில் ஒற்றைச் சைக்கிள். ஒரே ஒரு சீட்டு. கடைக்காரரிடம், "திங்கட்கிழமை வரைக்கும் யாருக்கும் குடுத்துடாதீங்க. வீட்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்" என்றாள். அந்த ஒரு வார்த்தையைத்தான் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஞாயிறு காலை, உப்பளக் கரை. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். 'என்னங்க, கோவிச்சுக்காதீங்க...' வேண்டாம், எடுத்த எடுப்பிலேயே என்ன கெஞ்சல்? 'என்னங்க, நானும் தனியா ஒண்ணு...'

"இடது பக்கம் கிளியரா?" என்றார் அவர்.

"ம்" என்றாள், பார்க்காமலே.

பாத்தி வரப்பிலிருந்து உப்பு மூட்டை ஏற்றிய தள்ளுவண்டி ஒன்று சாலையில் ஏறியது. அவர் அதன் மேலேயே விட்டார். கடைசி நொடியில் ஹேண்டிலை ஒடித்துத் திருப்ப, சைக்கிளும் இவர்களும் ஓடைச் சேற்றில் கிடந்தார்கள். அடி ஒன்றும் பெரிதாக இல்லை. தள்ளுவண்டிக்காரர்தான் வாய்க்கு வந்தபடி ஏசினார். "கண்ணை எங்க வச்சுக்கிட்டு ஓட்டுறீங்க? முன்னாடி இருக்கிறவருக்குத்தான் தெரியலைன்னா பின்னாடி இருக்கிறவங்களுக்குமா தெரியாது?" ஏசி முடித்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

"'ம்'னு சொன்னியே?" என்றார் கணவர்.

"ஏதோ யோசனையில சொல்லிட்டேன். உங்களுக்கு எங்க போச்சு கண்ணு? அவ்வளவு பெரிய வண்டி!"

அவர் கைச் சேற்றைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு மெல்லச் சொன்னார். "நேரா இருக்கிறது தெரியுது. பக்கத்துல இருக்கிறது தெரியலை. குழாய்க்குள்ள இருந்து பார்க்கிற மாதிரி இருக்கு. போனது திரும்ப வராதுன்னு டாக்டர் சொல்லிட்டார். ஸ்கூல்ல முதுகு வலின்னு சொல்லிட்டுப் போர்டுல பாடம் நடத்திக்கிட்டிருக்கேன். வண்டியைத் தொடுறதில்லை."

அவளுக்குப் பாவமாக இருந்தது. அடுத்த நொடி வேறொன்று தைத்தது.

"அப்போ, 'பாரு பாரு'ன்னு என்னைக் கேட்டதெல்லாம் இதுக்குத்தானா?"

"வேற எதுக்கு?" என்றார்.

அந்த 'வேற எதுக்கு' வயிற்றெரிச்சலைக் கிளப்பிவிட்டது. "என் உசிரையும் சேர்த்து வச்சுல்ல ஓட்டியிருக்கீங்க! ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க? நான் தனியா ஒரு சைக்கிள் பார்த்து வச்சிருக்கேன், தெரியுமா? அதைச் சொல்ல வாயெடுக்கிறதுக்குள்ளதான் இப்படி ஆயிடுச்சு!"

அவர் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தாள். கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்போ நான்?" என்று மட்டும் கேட்டார்.

'நான் இருக்கேன்ல' என்று சொல்ல வேண்டிய இடம் அது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கஷ்டப்பட்டு விழுங்கினாள்.

"எழுந்திருங்க. முன்னாடி நான் உக்காருறேன்."

"உனக்கு ஓட்டத் தெரியாதே?"

"பள்ளிக்கூடத்துக்குத் தினமும் சைக்கிள்ல போனவ நான். கல்யாணத்துக்கு அப்புறம் மறந்துட்டேன்னு நீங்களே முடிவு பண்ணிக்கிட்டா எப்படி?"

பையிலிருந்து ஸ்பானரை எடுத்து சீட்டுகளின் உயரத்தை மாற்றினார். புறப்பட்டார்கள். முதல் கொஞ்ச தூரம் ஹேண்டில் ஆடியது. பிறகு கைக்கு வந்துவிட்டது. பின்னாலிருந்து, "மெதுவா... கியரை மாத்து... பிரேக், பிரேக்!" என்று பாடம் நடந்துகொண்டே இருந்தது.

"வாயை மூடிக்கிட்டு மிதிங்க."

அடேயப்பா, சாலைக்கு முன்பக்கம் என்று ஒன்று இருக்கிறதே! வளைவு வருவதற்கு முன்பே வளைவு தெரிகிறது. பம்ப்செட் அறையின் சுவரில் மட்டுமல்ல, வாசலிலும் நீலம் பூசியிருக்கிறார்கள். வாசலை இன்றுதான் பார்க்கிறாள்.

சாலை பிரிகிற இடத்தில் பிரேக்கை அழுத்தினாள். "இறங்குங்க."

"ஏன்?"

"முனை வரைக்கும் போயிட்டு வரேன்."

"அங்க ஒண்ணும் இல்லைன்னு எத்தனை தடவை..."

"தெரியும். இந்தா, மைல்கல் இருக்கு. ரோட்டை விட்டுத் தள்ளி உக்காருங்க."

முன்னால் இருப்பவர் தனியாகவும் ஓட்டலாம், இரட்டைச் சைக்கிளில் அந்த வசதி உண்டு. பின்னால் இருப்பவருக்குத்தான் இல்லை. அவள் போனாள். பின்மிதிகள் கால் இல்லாமல் தாமே சுற்றிக்கொண்டு வந்தன.

முனையில் உண்மையிலேயே ஒன்றும் இல்லை. இடிந்த சுவர், ஒரு கம்பம், மூன்று பக்கமும் கடல். காற்றுதான். ஆனால் அந்தக் காற்று முகத்தில் அறைந்தது. இத்தனை வருஷமும் அவள் முகத்துக்கு வர வேண்டிய காற்றையெல்லாம் அந்த முதுகுதான் வாங்கிக்கொண்டிருந்தது. நின்று, வாய்விட்டு அழுதாள். அதற்குமேல் சாலை கிடையாது. திரும்பித்தான் போக வேண்டும். அங்கே மைல்கல்லில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் லாரி வந்தால்கூட அவருக்குத் தெரியாது. நாளைக்கும் தெரியாது, அடுத்த வருஷமும் தெரியாது. நீலச் சைக்கிளை இனி யாரோ ஓட்டுவார்கள். அவளுக்கு அது தெளிவாகத் தெரிந்துவிட்டது. "நாசமாப் போக!" என்று கடலைப் பார்த்துக் கத்தினாள். யாரை என்று அவளுக்கே தெரியாது.

திரும்பி வந்தபோது அவர் உட்கார்ந்த இடத்திலேயே, கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். சைக்கிள் மிக அருகே வந்த பிறகுதான் தலையைத் திருப்பித் தேடினார்.

"வந்துட்டியா? வர மாட்டியோன்னு நினைச்சேன்."

"எங்க போறது? ரோடு அங்கேயே முடிஞ்சுபோகுது."

அவர் தட்டுத் தடுமாறிப் பின்சீட்டில் ஏறினார். வயல் பக்கம் திருப்பி மிதித்தாள்.

"முன்னாடி ஒண்ணுமே தெரியலையே" என்றார். "என்ன வருதுன்னு சொல்லிக்கிட்டே வாயேன்."

"என் முதுகு தெரியுதா?"

"தெரியுது."

"அதைப் பார்த்துக்கிட்டு வாங்க. நான் பார்க்கலையா, இத்தனை வருஷம்?"

அவள் மிதித்தாள். பின்னால் அவர் காலும் சுற்றியது.