ஓடையை ஒட்டி ஓர் அறை

ஏற்காட்டில் ஆறு கிடையாது. இதைச் சொன்னால் என் வீட்டுக்காரர் நம்ப மாட்டார். போனில் வரும் விடுதி விளம்பரங்களில் எல்லாம் 'ஆற்றங்கரை' என்று போட்டிருக்கிறதே என்பார். மலையில் இருப்பவை ஓடைகள். மழை பெய்தால் ஓடும், இல்லாவிட்டால் பாறையாகக் கிடக்கும். தலைச்சோலையில் காப்பி எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டில் பிறந்து, கல்யாணம் ஆகிச் சேலத்துக்கு வரும்வரை அங்கேயே இருந்தவள் நான். எனக்கே பாடம் எடுக்கிறீர்களா என்று மல்லுக்கு நின்றேன். ஆறோ ஓடையோ, தண்ணீர்ச் சத்தம் கேட்கிற மாதிரி ஓர் இடம் நீயே பார், இரண்டு நாள் தங்கிவிட்டு வரலாம் என்று வேலையை என் தலையில் கட்டிவிட்டார். எங்கள் மகளுக்கு ஏழு வயது. ஓடையில் கால் நனைக்க வேண்டும் என்பதைத் தவிர அவள் ஒன்றும் கேட்கவில்லை.

நான் பயந்தாங்கொள்ளி. இதில் மறைக்க ஒன்றும் இல்லை. ரோட்டைக் கடக்கும்போது நான் பிடிக்கிற பிடியில் மகளின் விரல்கள் சிவந்துபோகும். மாடிப்படி, காஸ் அடுப்பு, தெருநாய், மீன் முள் எல்லாமே எனக்குப் பயம். மீனை நான் தொட்டுத் தொட்டு முள் எடுத்துக் கொடுப்பதற்குள் குழம்பு ஆறிவிடும். என்னிடம் போய் விடுதி பார்க்கச் சொன்னால் மூன்று வாரம் ஆகாமல் என்ன செய்யும்?

முதலில் பார்த்த விடுதியின் பால்கனி அழகாக இருந்தது. கம்பிகளுக்கு நடுவில் குழந்தையின் தலை நுழையுமா என்று போன் போட்டுக் கேட்டேன். எடுத்தவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, இதுவரை யாரும் நுழைத்துப் பார்க்கவில்லை என்றார். இன்னொரு விடுதி தன் வாசலிலேயே அருவி இருப்பதுபோலப் படம் போட்டிருந்தது. அந்த அருவிக்கு அங்கிருந்து அரைமணி நேரம் நடக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். கொட்டச்சேடு பக்கம் ஒரு பழைய பங்களா. உடம்புக்கு ஏதாவது வந்தால் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரமாகும் என்று விசாரித்ததற்கு, நல்லா இருக்கறவங்கதானே மேடம் சுற்றிப் பார்க்க வர்றாங்க என்று சிரித்தார் ஒருவர். அதையும் தள்ளிவிட்டேன். "நீ ரூம் பாக்கறயா, புள்ளைக்கு மாப்பிள்ளை பாக்கறயா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

கடைசியில் அமைந்தது கிளியூர்ப் பக்கத்தில் ஓர் அம்மாளும் அவர் கணவரும் நடத்துகிற மூன்று அறை விடுதி. தரைத்தளம், ஜன்னலுக்குக் கம்பி, ஓடைப் பக்கம் தாழ்ப்பாள் போட்ட கேட், காரில் கால்மணி நேரத்தில் ஆஸ்பத்திரி. நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அந்த அம்மாள் சலிக்காமல் பதில் சொன்னார். தண்ணீர்ப் பக்கம் போவதானால் தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகும்படி மட்டும் கேட்டுக்கொண்டார். சரி என்றேன். மலையில் பிறந்தவளுக்கே சொல்கிறாரே என்று மனதுக்குள் ஒரு சின்ன எரிச்சல்.

டிசம்பர் மாதத் தொடக்கம். காப்பிப் பழம் பறிக்க ஆரம்பித்திருந்தார்கள். வழியெல்லாம் நான்தான் பேசினேன். பழம் எப்போது பறிப்பார்கள், எங்கே கொண்டுபோவார்கள், தோலை எப்படி உரிப்பார்கள் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். சேலத்தில் எனக்குத் தெரிந்ததை யார் கேட்கிறார்கள்? மகள் வாய் திறந்தபடி கேட்டுக்கொண்டு வந்தாள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

மறுநாள் மதியச் சாப்பாடு முடிந்ததும் ஓடைக்கு இறங்கினோம். அந்த அம்மாளிடம் சொல்லவில்லை. கணுக்கால் அளவுதான் தண்ணீர், அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரிந்தது. குறுக்கே நான்கு கல் போட்டிருந்தார்கள். அவற்றின்மேல் கால் வைத்து என் வீட்டுக்காரரும் மகளும் ஓடைக்கு நடுவே இருந்த தட்டைப் பாறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். நான் செருப்புகளையும் துண்டையும் வைத்துக்கொண்டு கரையில் இருந்தேன். எங்கள் தலைக்குமேல் நல்ல வெயில். சேர்வராயன் மலை உச்சிப் பக்கம் மட்டும் கருத்திருந்தது.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பழுப்பாக வந்தது. அவர் எழுந்து நின்று, "கலங்கி வருதே, வந்துடட்டுமா?" என்று கேட்டார்.

எனக்கு அந்த நிறம் தெரியும். காப்பிப் பழத்தின் தோலை உரிக்கிற இடத்தைப் பல்ப் ஹவுஸ் என்போம். என் அப்பாவுக்கு அங்கேதான் வேலை. பழம் கழுவிய தண்ணீரை அந்தக் காலத்தில் அப்படியே ஓடையில் திறந்துவிடுவார்கள். சீசன் முடியும்வரை ஓடை இப்படித்தான் பழுப்பாக ஓடும். துணி துவைக்க முடியாது, காலில் பட்டால் அரிக்கும். மற்றபடி அதனால் ஆபத்து ஒன்றும் இல்லை.

"அது பல்ப் தண்ணிங்க. சீசன்ல இப்படித்தான் வரும். உக்காருங்க," என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணும் இல்ல கண்ணு, பயமில்ல," என்று அவளுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னேன். அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

டீ வேண்டுமா என்று கேட்க வந்த விடுதி அம்மாள் கேட்டைத் தாண்டியதும் நின்றுவிட்டார். அவருக்கும் நான் பல்ப் தண்ணீர் விளக்கத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் மூச்சை இழுத்து மோந்து பார்த்தார்.

"புளிச்ச வாடை வரலீங்களே. இப்பெல்லாம் அந்தத் தண்ணிய ஓடையில உடறதில்லீங்க, குழி வெட்டி நிறுத்திக்கறாங்க. மேல நொம்ப மழைங்க, இது வெள்ளம் வர்றதுங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். நான்கு கற்களில் ஒன்றுதான் தெரிந்தது. பாறையைச் சுற்றிச் சருகும் குச்சியும் மொத்தையாகச் சுழன்றன. அந்த அம்மாள்தான் கரையோரமாக ஓடிக் கத்தினார். எங்கள் பக்கம் வரக் கால் எடுத்த என் வீட்டுக்காரரை இரண்டு கையையும் ஆட்டித் தடுத்தார். "இந்தப் பக்கம் அகலமுங்க, இழுத்துரும், வராதீங்க. அந்தக் கரையில ஏறிக்கங்க."

அந்தக் கரைக்கும் பாறைக்கும் நடுவில் ஓர் ஆள் நீளம்கூட இருக்காது. என் வீட்டுக்காரர் மகளின் கையைப் பிடித்து இழுத்தார். அவள் எழவில்லை. பாறையை அழுத்திப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவர் ஏதோ சொன்னார், அவளும் ஏதோ சொன்னாள். தண்ணீர்ச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. போ, போ என்று நான் கையை வீசினேன். அதற்குள் பாறையின் விளிம்பு தண்ணீருக்குள் போயிருந்தது. அவளை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் இறங்கினார். தொடைவரை தண்ணீர். ஒரு முழங்கால் மடங்கி அவர் சாய்ந்தபோது மகளின் பாவாடை தண்ணீரோடு இழுபட்டதைப் பார்த்தேன். அந்த ஒரு கணம் இன்றைக்கும் எனக்கு முடிந்தபாடில்லை. எப்படியோ நிமிர்ந்தார். அவளைத் தூக்கிக் கரைமேல் போட்டார், அவள் ஒரு காப்பிச் செடியின் தூரைப் பிடித்துக்கொண்டாள், அவரும் ஏறினார். பிறகு பார்த்தால் பாறை இருந்த இடமே தெரியவில்லை.

இருவரும் எஸ்டேட்டுக்குள் நடந்து ரோட்டுக்கு வர வேண்டும். விடுதிக்காரர் ஜீப்பை எடுத்துக்கொண்டு சுற்றிப் போனார். என் வீட்டுக்காரரின் போன் செருப்போடு என்னிடமே இருந்தது. ஒரு மணி நேரம், செடிகளுக்குள் அவர்கள் மறைந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணால் பார்த்த பிறகும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. பாம்பு, காட்டெருமை, வழுக்கும் மண் என்று ஒவ்வொன்றாக மனதில் வந்தது. உள்ளே வந்து உட்காருங்க என்று அந்த அம்மாள் இரண்டு முறை கூப்பிட்டும் போகவில்லை.

வந்து சேர்ந்தார்கள். என் வீட்டுக்காரர் என்னை ஒரு சொல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கூப்பிட்டபோது அவள் ஏன் எழவில்லை என்று நானே கேட்டேன். அவர் முதலில் மழுப்பினார், விடாமல் கேட்டதும் சொன்னார்.

"அம்மா பயமில்லன்னு சொல்லிட்டாங்க, அப்பறம் எதுக்குப் போவணும்னு கேட்டா. எல்லாத்துக்கும் பயப்படற நீயே சொல்லவும் நானுந்தான் நம்பி உக்காந்துட்டேன்."

சாயங்காலம் அந்த அம்மாள் வாளியில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தார். பச்சைத் தண்ணீர் கலந்து, என் கையை விட்டுப் பார்த்தேன். "சூடெல்லாம் இல்ல சாமி, ஊத்திக்கோ," என்று மகளிடம் சொம்பை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. ஒற்றை விரலை நனைத்துப் பார்த்தாள். அப்போதும் திருப்தி இல்லாமல், துண்டோடு கதவருகில் நின்றவரைக் கூப்பிட்டாள்.

"அப்பா, நீங்க தொட்டுப் பாருங்க."

அவர் குனிந்து கையை விட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அதன் பிறகுதான் சொம்பை வாங்கி ஊற்றிக்கொண்டாள்.