கண்காட்சிக்கு வந்த பால் வாளி

எங்கள் அருங்காட்சியகத்துக்கு வருபவர்களில் பாதிப் பேர் கழிவறையைத் தேடி வருபவர்கள். கடலில் குளித்துவிட்டு, ஈரச் சட்டையும் கால் நிறைய மணலுமாக வந்து, "ஆன்ட்டி, டாய்லெட் எங்க?" என்பார்கள். கையைக் காட்டுவேன். ஆனால் திரும்பிப் போகும்போது இரண்டு படங்களையாவது பார்க்க வைக்காமல் விடமாட்டேன். என் வாய் அப்படி.

பழைய கடைவீட்டின் கீழ்த்தளத்தில் நாங்கள் ஐந்தாறு பேர் சம்பளம் இல்லாமல் நடத்தும் இடம் அது. ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் உட்கார்ந்து தொடர் நாடகம் பார்க்கப் பிடிக்காமல் அங்கே போய்ச் சேர்ந்தேன். உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. துருவைத் துடைப்பதற்கே நேரம் சரியாக இருக்கும். சும்மா சொல்லக்கூடாது, எனக்கு அங்கே சந்தோஷம்.

போன ஆண்டு சுற்றுவட்டார ரப்பர் தோட்டங்களைப் பற்றி ஒரு கண்காட்சி வைத்தோம். நான் லிங்கிப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். தமிழ் விளக்க அட்டைகள் என் பொறுப்பு. ஆங்கிலமும் மலாயும் எழுதியவர் கெமாஸில் ரயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அண்ணன். மனிதர் நிதானம். நான் நேர்மாறு.

திறப்புக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை காலை, மேசைமேல் ஒரு பால் வாளி இருந்தது. ரப்பர் மரம் சீவிய பாலைச் சேர்த்துத் தூக்கி வரும் வாளி. உள்ளே பாதி உயரத்துக்குப் பழைய பால் காய்ந்து, கறுத்து, தோலாக ஒட்டிக் கிடந்தது. எனக்கு வந்ததே கோபம்! காய்ந்த பால் ஒட்டியிருந்தால் மறுநாள் ஊற்றும் பால் திரிந்துபோகும். பால் நிறுக்கும் இடத்தில் கணக்கு எழுதும் கிராணி அத்தனை பேர் முன்னாலும் வைவார். அதனால் எங்கள் வீடுகளில் வேலை முடிந்து வந்ததும் முதலில் வாளி, பிறகுதான் சோறு. "எந்தச் சோம்பேறி வீட்டு வாளி இது!" என்று திட்டிக்கொண்டே பின்பக்கக் குழாயடிக்குத் தூக்கிப் போனேன்.

மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, கத்தி முனையால் நெம்பி, இரும்பு நாரால் தேய்த்ததில் முதுகு விட்டுப்போயிற்று. உரித்ததையெல்லாம் பையில் கட்டி வெளியே வைத்தேன். குப்பை லோரி வந்து எடுத்துக்கொண்டு போனது. வாளி பளபளவென்று இருந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அப்போதுதான் ரயில் அண்ணன் தாளோடு வந்தார். "இதத் தமிழ்ல எழுதிக் குடும்மா."

வாங்கிப் படித்தேன். லுக்குட்டில் லோரி ஓட்டும் ஒருவர் இரவலாகத் தந்த வாளி. உள்ளே உறைந்திருப்பது, அவருடைய தாயார் கடைசியாக வேலைக்குப் போன நாளில் சேர்த்த பால்.

வாளியை அவர் பக்கம் நகர்த்தினேன். "அண்ணே, நான் கழுவிட்டேன்."

அவர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். "ஐயோ, ஆண்டவரே! அப்படியே வைக்கணும்னு சொல்லித்தாம்மா குடுத்தாரு. நானாச்சும் ஒரு தாள ஒட்டி வச்சிருக்கணும். போன் பண்ணிச் சொல்லவா?"

"வேணாம். செஞ்சவ நான். மூஞ்சிக்கு நேரா நானே சொல்றேன்."

இரண்டு நாளும் அதே நினைப்பு. ஒருவருக்குத் தாய் விட்டுப்போனதைச் சுரண்டிக் குப்பையில் போட்டிருக்கிறேன். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருந்தது. என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை திறப்புக்கு வாளிக்காரர் வந்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர், தேய்த்த சட்டை, கையில் மோட்டார் சைக்கிள் தொப்பி. வாசலிலேயே மறித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் மேசைக்குப் போய், வாளிக்குள் கையை விட்டுத் தடவினார்.

"திட்டுங்க தம்பி," என்றேன்.

"அம்மா மரத்தடியிலயே மயங்கி விழுந்துட்டாங்கக்கா," என்றார். "வாளிய யாரோ வீட்டுல கொண்டாந்து வச்சிட்டாங்க. ஆஸ்பத்திரில கண்ணத் தொறந்ததும் என்னையத்தான் கேட்டாங்க, வாளியக் கழுவிட்டியான்னு. கழுவிட்டேம்மான்னேன். சும்மா சொன்னேங்க்கா. நான் வீட்டுக்கே போவல. மறுநாளு போய்ட்டாங்க. அப்பறம் அதுல கைய வைக்கவே முடியல லா."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அத்தனை பேர் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். அவர் அழவில்லை. வாளியை வெளிச்சத்துக்குத் தூக்கி, அடிவரை பார்த்தார்.

"நல்லாத்தான் கழுவியிருக்கீங்க," என்றார்.

பிறகு அதை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். தோட்டத்தில் கழுவிய வாளியை அப்படித்தான் வைப்போம், தண்ணீர் வடிய. ரயில் அண்ணன் பதறி, "கவுத்து வச்சா வர்றவங்களுக்கு உள்ள தெரியாதே தம்பி," என்றார்.

"கழுவுன வாளிய யாராச்சும் நிமித்தி வைப்பாங்களாண்ணே?"

கண்காட்சி முடியும்வரை நான் அதை ஒருவரையும் தொடவிடவில்லை.