அறுபத்தொன்றாம் நம்பர் ஆணி

எல்லம்மாள் பேசிக்கொண்டே பூட்டுவாள். வாய் உங்களிடம் இருக்கும், கை சைக்கிளிடம் இருக்கும். "இன்னாபா, பொண்ணுக்கு ஒடம்பு தேவலாமா?" என்று கேட்டு முடிப்பதற்குள் பின்சக்கரத்தில் சங்கிலி நுழைந்து வெளியே வந்திருக்கும், சீட்டின் மேல் சாக்பீஸால் நம்பர் விழுந்திருக்கும், உங்கள் உள்ளங்கையில் அதே நம்பர் அடித்த தகர டோக்கன் உட்கார்ந்திருக்கும். டோக்கன் இல்லாமல் வந்தால் அவள் பெற்ற மகனுக்கும் சைக்கிள் கிடையாது. ஒருமுறை அப்படித்தான் ஆயிற்று. அவன் நடந்தே வீட்டுக்குப் போனான்.

காஞ்சிபுரம் ரயிலடிக்குப் பக்கத்தில் இருபத்திரண்டு வருஷமாக அவள் நடத்தும் ஸ்டாண்டு அது. ஒரகடம் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் சைக்கிளை அங்கே விட்டுவிட்டுக் கம்பெனி பஸ் ஏறுவார்கள். அவள் நாற்காலிக்குப் பின்னால் ஒரு பலகை, அதில் நூற்றைம்பது ஆணிகள். ஆணியில் டோக்கன் தொங்கினால் அந்த நம்பருக்கு சைக்கிள் இல்லை. ஆணி வெறுமையாக இருந்தால் சைக்கிள் உள்ளே இருக்கிறது. கணக்கு அவ்வளவுதான்.

பூட்டாத எதையும் அவள் கண் பொறுக்காது. கல்யாண வீட்டுக்குப் போனால், பந்திக்கு முன்னால் வாசலில் நிற்கும் வண்டிகளை ஒரு சுற்று பார்த்துவிட்டு வருவாள். சாவி தொங்கினால் உருவிக் கொண்டுபோய் மணமேடையில் கொடுப்பாள். போன தையில் ஒரு மாப்பிள்ளை, தாலியை ஒரு கையிலும் யாருடையதோ ஸ்கூட்டி சாவியை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு முழித்தான்.

இந்த வைகாசி கருடசேவைக்கு ஊர் நிறைந்துவிட்டது, ஸ்டாண்டும் நிறைந்துவிட்டது. மிஞ்சிய சைக்கிள்களை வெளிச்சுவர் ஓரம் நிறுத்தினாள். சங்கிலி அவ்வளவு தூரம் எட்டவில்லை. பத்தே நாளில் அங்கிருந்து மூன்று சைக்கிள்கள் போய்விட்டன.

மூன்றில் ஒன்று மரியம்மாளுடையது. ஓரிக்கைப் பக்கமிருந்து வருகிற பெண். கம்பெனியில் ஒயர் கோக்கிற வேலை. மெரூன் கலர் லேடீஸ் சைக்கிள். மற்ற இரண்டு பேரும் வந்து கத்தினார்கள், திட்டினார்கள், எதிர்ப்பக்கம் புதிதாகத் திறந்த ஸ்டாண்டுக்குப் போய்விட்டார்கள். அதை எல்லம்மாள் தாங்கிக்கொண்டாள். மரியம்மாள் திட்டவில்லை. தினமும் விடியலில் ஓரிக்கையிலிருந்து நடந்து வந்து, பர்ஸைத் திறந்து அறுபத்தொன்றாம் நம்பர் டோக்கனைக் காட்டுவாள்.

"பத்திரமா வெச்சிருக்கேன்கா. சைக்கிள் கெடச்சா சொல்லு."

சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுவாள். எல்லம்மாளுக்குப் பின்னால் அறுபத்தொன்றாம் ஆணி வெறுமையாக நிற்கும். டோக்கன் வெளியே, சைக்கிளும் வெளியே. இருபத்திரண்டு வருஷத்தில் அந்தப் பலகை பொய் சொன்னது இதுதான் முதல் தடவை.

போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கப் போனபோது ஏட்டு தலையைத் தூக்காமலே கேட்டார்: "பூட்டி வெச்சா ஏன்மா போவுது?"

உலகத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

புருஷன் மாணிக்கவேல் பிள்ளையார்பாளையத்தில் பட்டுத்தறி நெய்கிறவர். அவர்தான் போனில் தேடி அந்தச் சாமானை வரவழைத்தார். தீப்பெட்டி அளவு இருந்தது. அது எங்கே போனாலும் அவர் போனில் ஒரு நீலப் புள்ளி காட்டும். வீட்டில் கிடந்த பழைய சைக்கிளைத் துடைத்து, புது மணி வைத்து, மினுக்குகிற சிவப்பு சீட் கவர் போட்டார்கள். சாமானைக் கழிவுப் பட்டுநூலில் சுற்றி சீட்டுக்கு அடியில் கட்டினார். பாவு நூலுக்குப் போடுகிற முடிச்சு.

"இத அவுக்கணும்னா எங்கிட்டதான் வரணும்," என்றார். "நீ ஒண்ணும் செய்ய வேணாம். வெளிச்சுவர்ல பூட்டாம வெச்சிடு. அவ்ளோதான் உன் வேல."

எல்லம்மாளால் முடியாத வேலை உலகத்தில் அது ஒன்றுதான்.

முதல் நாள் முழுக்க புள்ளி நகரவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் மாணிக்கவேல் தறியிலிருந்தே போன் போட்டார்.

"ஏமே, பூட்டிட்டியா?"

"இல்லியே."

"எல்லம்மா..."

"லேசா பூட்டினேன்."

அதற்குப் பிறகும் அப்படித்தான். காலையில் வைராக்கியமாகத் திறந்துவிட்டு வருவாள். டீ வாங்கப் போகிற வழியில் கை தானாக வீட்டிலிருந்து கொண்டுவந்த பூட்டைப் போட்டுவிடும். ஒன்பதாம் நாள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, பலகையைப் பார்த்தபடி, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தாள். அரைமணி கழித்துத் திரும்பினால் சுவர் காலி.

"போயிடுச்சி! என் சைக்கிள் போயிடுச்சி!" என்று குதித்தாள். டீக்கடைக்காரர் ஓடிவந்து, "போனா போவுதுமா, மனச தளர வுடாத," என்றார். அவள் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தாள், அவர் கடையிலேயே.

ஆனால் புள்ளி ஒரு சந்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. அந்தச் சந்தில் முப்பது வீடு, முப்பது வீட்டுக்கும் மேலே ஒரே புள்ளி. ஏட்டிடம் போனை எடுத்துக்கொண்டு போனார்கள். அவர் அதைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டே பிடித்துப் பார்த்தார்.

"புள்ளிய எப்பிடிம்மா அரெஸ்ட் பண்றது? ஆளக் காட்டு."

சைக்கிள் போன மூன்றாம் நாள் பிற்பகல் போன் அடித்தது. எல்லம்மாள் அதைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

"ஏமே, நகருது! தறி நாடா கணக்கா இந்தத் தெருவுக்கும் அந்தத் தெருவுக்கும் ஓடுது. இரு... ரயில்வே ரோட்டுக்கு வந்துட்டான். நேரா உங்கிட்டதான் வந்துக்கினு இருக்கான்!"

"எங்கிட்டயா? எங்கிட்ட எதுக்கு வரான்?"

அப்போது வாசலில் ராமராஜன் வந்து நின்றான். நெற்றியில் பட்டை விபூதி, இஸ்திரி போட்ட சட்டை, தொளதொள பேன்ட், அதை இழுத்துக் கட்டிய பெல்ட்டு. கொத்தனார் மேஸ்திரி என்று சொல்லிக்கொண்டு ஒரு மாசமாக வருகிறவன். "நம்ம ஆளுங்க வண்டி" என்று ஏற்கெனவே மூன்று சைக்கிளை உள்ளே வைத்திருந்தான். இன்றைக்குக் கையில் நாலாவது. பச்சைப் பெயின்ட், வாசனைகூடப் போகவில்லை. சீட்டுக்குக் கவர் இல்லை.

"இத உள்ளயே வெச்சுக்கமா. வெளிய வெச்சா தூக்கினு பூட்றானுங்க. ஊரே கெட்டுக்கெடக்குது."

"ஆமாபா, காலம் அப்பிடி," என்றாள் எல்லம்மாள். கை சங்கிலியை எடுத்தது, பின்சக்கரத்தில் விட்டது, சீட்டுக்கு அடியில் கொண்டுபோனது. விரல் நுனியில் வழவழவென்று ஒன்று தட்டுப்பட்டது. பட்டுநூல். அதன் மேல் ஒரு முடிச்சு.

"நின்னுடுச்சி!" என்று தோளில் மாணிக்கவேல் கத்தினார். "உன் மேலயே நிக்குது! பக்கத்துல யாருனா இருக்கானா பாரு!"

ராமராஜன் குனிந்து ஸ்டாண்டு கம்பியைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தான். இப்போதெல்லாம் யாரையும் நம்ப முடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான். எல்லம்மாள் "ம், ம்" என்று கேட்டுக்கொண்டாள். சங்கிலியில் இன்னும் இரண்டு முழம் மிச்சம் இருந்தது. அது அவன் முதுகுப் பக்கம் பெல்ட்டுக்குள் நுழைந்து, தூணைச் சுற்றி வந்து, பூட்டில் 'டக்'கென்று விழுந்தது. அவன் நிமிரப் பார்த்தான்.

"இன்னாமா, என்னையும் சேத்துப் பூட்டிட்ட?"

"பத்திரமா இரு நைனா. ஊரே கெட்டுக்கெடக்குது."

பெல்ட்டைக் கழற்றினால் ஓடலாம். ராமராஜன் பேன்ட்டைப் பார்த்தான், ரயிலடிக் கூட்டத்தைப் பார்த்தான், மறுபடி பேன்ட்டைப் பார்த்தான். அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

அவன் முன்பே உள்ளே விட்டிருந்த மூன்றில் ஒன்று லேடீஸ் சைக்கிள், அதுவும் பச்சை. மூன்றாம் வரிசைக்குப் போய் அதைச் சாவியால் சுரண்டினாள் எல்லம்மாள். அடியில் மெரூன். அதன் சீட்டில் இருந்தது அவள் கையெழுத்து, சக்கரத்தில் இருந்தது அவள் சங்கிலி. இத்தனை நாளும் மரியம்மாள் சைக்கிளை அவள்தான் கண்ணும் கருத்துமாகக் காவல் காத்திருக்கிறாள்.

"ஏன்யா, எங்கிட்ட திருடி எங்கிட்டயே வெப்பியா?"

"வாங்க ஆள் வர்ற வரிக்கும் எங்கனா வெக்கணும் இல்லமா?" என்றான் அவன், நியாயம் பேசுகிறவனைப் போல. "எதிர் ஸ்டாண்டுல வெச்சா எவனாவது அடிச்சினு பூடுவான். உன் ஸ்டாண்டு உள்ள வெச்சது ஒண்ணுகூடப் போனதில்ல. யார வேணா கேளு."

"அது வாஸ்தவம்தான்," என்றாள் எல்லம்மாள். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்தது.

ஏட்டு பைக்கில் வந்து சேர்ந்தார். ராமராஜனை ஏற்றிப் போக ஜீப்புக்குச் சொல்லிவிட்டு, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். முதல் ஷிப்டு பஸ் வந்து நின்றது, மரியம்மாள் இறங்கினாள். சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பெல்லை அடித்துப் பார்த்தாள்.

"பச்சையா இருக்குதேக்கா."

"பச்ச உனுக்கு எடுப்பாதான் இருக்கும். டோக்கன் குடு."

மரியம்மாள் பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு ஏறி மிதித்துக்கொண்டு போனாள். எல்லம்மாள் டோக்கனை முந்தானையில் துடைத்தாள். பலகைக்கு வந்தாள், அறுபத்தொன்றாம் ஆணிக்குக் கையைத் தூக்கினாள். தூக்கிய கை அப்படியே நின்றது. வெளிச்சுவர் ஓரம் ஏட்டின் பைக், சாவி அதிலேயே ஆடிக்கொண்டிருந்தது.

டீக்கடையில் ஏட்டு இன்னொரு டீ சொன்னார். எல்லம்மாள் டோக்கனோடு நடந்து போய், சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டு, அந்த சீட்டின் மேல் சாக்பீஸால் நிதானமாக, பெரிதாக, 61 என்று எழுதினாள்.