சேவூர் மாடியில் முப்பது கண்ணாடிக் குழாய்கள்

போன வியாழக்கிழமை ஆரணி போய் வந்தேன். பட்டுப்புடவை எடுக்க அல்ல. அதற்காக இந்தப் பக்கம் வந்தவர்கள் நேரே கடைசிக்குப் போய்விடலாம், பயணக் குறிப்புகள் அங்கே இருக்கின்றன. நான் போனது, நான் வடிவமைத்த கருவி ஏன் சுடவில்லை என்று பார்க்க.

என் மகன் கவின் பிறந்த பிறகு ஒரு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு, அம்பத்தூரில் ஒரு சின்னப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே நான் வரைந்த முதல் கருவி சாயப்பட்டறைக்கு வெயிலிலேயே தண்ணீர் சுடவைத்துத் தரும் ஹீட் பைப் அடுப்பு. கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு செம்புக் குழாய். அதற்குள் ஒரு ஸ்பூன் திரவம். வெயில் பட்டதும் திரவம் ஆவியாகி மேலே ஏறும், உச்சியில் உள்ள குமிழில் சூட்டைக் கொடுத்துவிட்டுக் குளிர்ந்து கீழே வழியும். மோட்டார் இல்லாமல் நாள் முழுக்க இதே ஓட்டம். நான் புதிதாகச் சேர்த்தது ஒன்றுதான்: குமிழ் நேராகத் தண்ணீரில் படாது, ஒரு செம்பு உறை வழியாகச் சூடு போகும். போர்வெல் தண்ணீரின் உப்பு படிந்தால் உறையை மட்டும் கழற்றித் தேய்த்துக்கொள்ளலாம்.

இதை ஆரணி பக்கத்துச் சேவூரில் குமரேசன் அண்ணன் என்ற சாயக்காரர் வீட்டு மாடியில் பொருத்தினோம். முதல் வாரம் நன்றாகச் சுட்டது. அப்புறம் மூன்று வாரமாகப் புகார். போட்டோ அனுப்பச் சொன்னேன். எல்லாம் மேலிருந்து எடுத்த படங்கள், பார்க்க ஒரு குறையும் இல்லை. குழாய்களில் கசிவோ, என் கணக்கில்தான் தப்போ என்று மூன்று வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் முதலாளி சொல்லிவிட்டார்: "நீயே போய்ப் பாரு. சாயங்காலத்துக்குள்ள எழுபத்தஞ்சு டிகிரி தொடலன்னா கழட்டி லாரியில ஏத்திடு. இந்த வேலையை அத்தோட விட்டுடலாம்." அதில் என் வேலையும் அடக்கமா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

பதினாலு மாதக் குழந்தையோடு பஸ்ஸில் நாலு மணி நேரம் முடியாது என்று ரயிலைப் பிடித்தேன். சென்ட்ரலில் காலை ஆறு மணிக்கு ஏறி, எட்டே காலுக்குக் காட்பாடி. டிக்கெட் 95 ரூபாய். அங்கிருந்து வேலூர் பஸ் நிலையத்துக்கு ஆட்டோ, பேரம் பேசி 200. ஆரணி பஸ் 38 ரூபாய், ஒன்றேகால் மணி நேரம் என்றார்கள். கண்ணமங்கலத்தில் டிரைவர் டீ குடிக்க இறங்கிப் பதினைந்து நிமிஷம் போயிற்று. கவின் வெயிலில் அழுதான். கண்டக்டர் வந்து, "புள்ளைய ஜன்னல் பக்கம் வச்சிக்கமா, வாந்தி கீந்தி எடுத்தா எனக்குத்தான் பேஜாரு" என்றார். ஏற்கெனவே எடுத்தாயிற்று என்று சொல்லவில்லை. ஆரணியில் இறங்கும்போது பத்தே முக்கால். சேவூருக்கு ஆட்டோ 120.

மாடி ஏறினேன். என் குழாய்களைக் காணவில்லை. அங்கே இருந்தது மயில் நீலத்தில், வாடாமல்லி நிறத்தில் ஈரப் பட்டுநூல். தூக்கிப் பார்த்தால் அடியில் என் முப்பது கண்ணாடிக் குழாய்கள்!

"இன்னாண்ணா இது?"

"நூலும்மா" என்றார் குமரேசன் அண்ணன்.

"நூலுன்னு தெரியுது. இது மேல ஏன் காயுது?"

"தொட்டுப் பாரு, கண்ணாடி ஜில்லுன்னு கீது. சூடே ஏறல. சும்மாத்தான கெடக்குதுன்னு போட்டேன். உனக்குப் போட்டோ எடுக்கும்போது மட்டும் எடுத்து வச்சிடுவேன்."

வெளிக் கண்ணாடி சுடவே சுடாது. உள்ளே காற்றை எடுத்துவிட்டதால் சூடு வெளியே வராது, அதுதான் அதன் சாமர்த்தியம். இதை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அவர் மனைவி மல்லிகா அக்கா குறுக்கே வந்தார்.

"மூங்கில்ல போட்டா சிலாம்பு மாட்டிக்கினு இழை இழையா இழுக்கும்மா. இது வழுவழுன்னு கீது. உன் புண்ணியத்துல மூணு வாரமா ஒரு இழை கூட அறுந்து போவல."

"சரிக்கா. சாய்வா நிக்க வச்சிட்டுப் போனதைப் படுக்க வச்சது யாரு?"

"சாய்வா இருந்தா நூலு வழுக்கிக்கினு வருதே. அதான் ஜல்தியா காலக் கழட்டிட்டு செங்கல்லு வச்சோம். ரசமட்டம் வச்சிப் பாத்துத்தாம்மா செஞ்சோம்" என்றார் அண்ணன், பெருமையாக.

போனில் கோணம் பார்த்தேன். சுத்தமாகப் பூஜ்யம். மேலிருந்து எடுத்த படங்களில் இது தெரியவே இல்லை. படுத்த குழாயில் திரவம் எப்படித் திரும்பி வழியும்? போதாததற்கு மேலே நூல் போர்வை வேறு. கழற்றிய இரும்புக் கால்கள் கீழே துணி துவைக்கும் கல்லுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தன. கத்தவேண்டும் போல இருந்தது. இடுப்பில் குழந்தை இருந்ததால் கத்தவில்லை.

அண்ணனின் சாயப்பட்டறை ஆட்கள் மூன்று பேர் கை கொடுத்தார்கள். பதினொன்றரைக்குச் சட்டம் இருபத்தைந்து டிகிரி சாய்வில் நின்றது. தொட்டியில் நூறு லிட்டர், 36 டிகிரி. பன்னிரண்டரைக்கு 49. ஒன்றரைக்கு 62. இரண்டேகாலுக்கு மேகம் வந்தது! அரை மணி நேரம் தெர்மாமீட்டர் முள் அசையவில்லை. நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் கவின் வாடாமல்லிச் சாய வாளிக்குள் கையை விட்டுவிட்டான். ஓடிப் போய்க் கழுவினால், மணிக்கட்டு வரை ஊதா.

"ஒண்ணும் ஆவாது, நாலு நாள்ல போயிடும். எங்க வூட்டுப் புள்ளைங்க கலர் கலராத்தான் வளந்துதுங்க" என்று மல்லிகா அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாயில் கை வைக்காமல் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மூன்று பத்துக்கு 71. நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது 76.

அண்ணன் தொட்டிக்குள் விரலை விட்டு, "அய்யோ" என்று உதறினார். அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் அக்கா கேட்டார்: "அதெல்லாம் சரிம்மா, இப்ப நூல எங்க காயப்போடறது? நீ போனதும் இவரு மறுபடி படுக்க வச்சிடுவாரு, நான்தான் வைக்கச் சொல்லுவேன்."

உண்மையாகவே சொல்வார் என்று தெரிந்தது. எங்கள் பட்டறை மூலையில் செத்த குழாய்கள் கிடக்கின்றன. உள்ளே காற்றுப் புகுந்து, அடிப்பக்க வெள்ளிப் பூச்சு வெளுத்துப் போனவை. சூட்டுக்கு உதவாது, ஆனால் வழுவழுப்பு குறையாது. அவற்றை அனுப்புகிறேன், கொடிக்குப் பதிலாகப் படுக்கைவசமாகக் கட்டிக்கொள்ளுங்கள் என்றேன். "அப்ப சரி" என்றார் அக்கா. நான்கு வருஷம் இன்ஜினியரிங் படித்துவிட்டு நூல் காயப்போடக் கொடி சப்ளை செய்கிறேன்.

போகிறவர்களுக்கு: ஆரணிக்குப் பகல் பதினொன்றுக்குள் போய்ச் சேருங்கள், அப்புறம் வெயில் தாங்காது. குழந்தைக்கு மூன்று செட் உடுப்பு, தண்ணீர், பழைய துண்டு அவசியம். சாயப்பட்டறைக்குள் போனால் குழந்தையைக் கீழே விடவே விடாதீர்கள். திரும்பும்போது ஆரணியில் ஐந்து மணிக்கு முன் பஸ் ஏறினால் காட்பாடியில் ரயிலைப் பிடிக்கலாம். எனக்கு மொத்தச் செலவு 1,040. எங்காவது கருவி பொருத்திவிட்டு வருகிறவர்களுக்கு இன்னொன்று: கழற்றக்கூடிய கால் வைக்காதீர்கள்.

பதினொரு செத்த குழாய்களைச் சனிக்கிழமை லாரி பார்சலில் அனுப்பினேன். இன்று அண்ணன் போட்டோ அனுப்பியிருக்கிறார். முன்னால் செத்த குழாய்கள் மேல் நூல் படுத்திருக்கிறது, பின்னால் என் சட்டம் சாய்ந்து நிற்கிறது, தெர்மாமீட்டரில் 81. இந்த முறை பக்கவாட்டில் நின்று எடுக்கச் சொல்லியிருந்தேன்.