மச்சான் ஊட்டில் ஒரே டேக்

என் மெட்டு, என் பெண்டாட்டி, மச்சான் வீட்டு மைக். இந்த மூன்றையும் சேர்த்து நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

கிறிஸ்துமஸுக்கு எங்கள் சர்ச்சில் போட ஒரு பாட்டு கட்டியிருந்தேன். கும்மிடிப்பூண்டியில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டின் உள் அறைதான் ஸ்டுடியோ. எதிரொலிக்காமல் இருக்க மெத்தையைச் சுவரில் சாய்த்து, சத்தம் போடுகிற ஃபேனை நிறுத்திவிட்டால், வியர்க்க வியர்க்க என் மனைவி பாடுவாள். சர்ச்சில் தாளம் பிசகாமல் பாடுகிறவள், இங்கே ஹெட்போனை மாட்டியதும் கட்டைவண்டி மாதிரி பின்தங்குவாள்.

"இன்னாங்க இது, நான் பாடறது எனக்கே லேட்டா கேக்குது. அதுக்காகக் காத்துக்கினு இருந்தா பாட்டு போய்டுது."

நான் பெரிய இசை மேதை பாருங்கள், "தாளம் உனக்குள்ள இருக்கணும்" என்று உபதேசம் செய்தேன்.

ஒரு ஞாயிறு சர்ச் முடிந்து கடம்பத்தூரில் அம்மா வீட்டுக்குப் போனவள், சாயங்காலம் அதே பாட்டைப் பாடிக்கொண்டே திரும்பினாள். அவள் தம்பியும் என்னை மாதிரிதான், வீட்டில் கம்ப்யூட்டரை வைத்துப் பாட்டுப் பதிகிற கிறுக்கு. "தம்பி ஊட்டுல ஒரே டேக்குங்க! ஒரு தபா பாடினேன், முடிஞ்சிடுச்சி!" என்று போனை நீட்டினாள். கேட்டேன். அற்புதமாக இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

"இனிமே அங்கயே பாடிடறேன். உங்களுக்கும் பேஜாரு இல்ல."

எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். ஆத்திரத்தில் ரெண்டு தட்டு சாப்பிட்டேன்.

அடுத்த ஞாயிறு நானும் கூடப் போனேன். மாமியார் மேல் திடீர்ப் பாசம். மச்சானின் கம்ப்யூட்டர் என்னுடையதைவிடப் பழசு. மைக்கும் என்னுடையது மாதிரியேதான். பொறாமைப்படுகிறவனுக்கு ஒரு காரணமாவது கொடுக்க வேண்டாமா? அவன் டீ எடுத்துவர உள்ளே போன கேப்பில் ஆடியோ செட்டிங்கைத் திறந்தேன். பஃபர் என்ற இடத்தில் 128. என்னுடையதில் 2048.

அந்த 2048-ஐப் போட்டதும் நான்தான். கம்பெனியில் ஒரு மெஷினுக்கும் அடுத்த மெஷினுக்கும் நடுவில் இருக்கிற ரேக்கைக் காலியாக விடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. ரேக் நிறைய பீஸ் இருந்தால் லைன் நிற்காது, சூப்பர்வைசர் வாய் திறக்கமாட்டார். கம்ப்யூட்டரும் சத்தத்தை அப்படித்தான் கொஞ்சம் சேர்த்துவைத்து அனுப்புகிறது என்று கேள்விப்பட்டதும், இருக்கிறதிலேயே பெரிய எண்ணைப் போட்டுவிட்டேன். ரேக் நிறைந்திருந்தால் புதுசாக வருகிற பீஸ் கடைசியில்தான் வெளியே போகும். தினமும் கண்ணால் பார்க்கிற எனக்கே அது தோன்றவில்லை. பாவம், அவள் குரல் க்யூவில் நின்று வந்திருக்கிறது.

மச்சானிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தேன். அவன் போட்டதையே நானும் போடுவதா? அதிலும் பாதியாக 64 போட்டேன்.

மனைவியைக் கெஞ்சி மைக் முன்னால் நிறுத்தினேன். "இதான் கடைசி. வரலன்னா தம்பி ஊட்டுக்குத்தான்," என்றாள். பாடினாள். குரல் உடனே கேட்டது. கூடவே படபட, சடசட.

"ஏங்க, உள்ள யாரு அப்பளம் பொரிக்கிறது?"

வேறு வழியில்லாமல் மச்சானுக்குப் போன் போட்டேன்.

"இன்னா மாமா, அன்னிக்கு என் செட்டிங்கத் தொறந்து பாத்துட்டு மூடாமயே போய்ட்ட? இப்ப எவ்ளோ வச்சிக்கினு இருக்க?"

"அறுபத்தி நாலு."

அந்தப் பக்கம் சிரிப்பு அடங்கவே நேரம் ஆனது. "என்னிய முந்தணுமா உனக்கு? அவ்ளோ வேகத்துக்கு உன் கம்ப்யூட்டர் மூச்சு வாங்குது மாமா. நூத்தி இருபத்தெட்டு வை. எக்கோ கிக்கோ எல்லாத்தையும் அக்கா பாடி முடிக்கிற வரைக்கும் நிறுத்திடு, கம்ப்யூட்டருக்குப் பாரம் கொறையும். அப்புறம் குரலையும் மியூசிக்கையும் கலந்து மிக்ஸ் பண்றப்போ உன் ஆசைக்குப் பெருசா வச்சிக்க."

பல்லைக் கடித்துக்கொண்டு அவன் எண்ணையே போட்டேன். அவள் கண்ணை மூடிப் பாடினாள். ஒரே டேக்.

ஹெட்போனைக் கழற்றி, கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இதையே சர்ச்சுக்குக் குடுங்க. அடுத்ததும் இங்கயே பாடறேன்," என்றாள். கர்த்தரே தோளில் தட்டின மாதிரி இருந்தது எனக்கு. ஃபேன் சுவிட்சைப் போடப் போனவள் திரும்பினாள்.

"பாத்தீங்களா, என் தம்பி எவ்ளோ கெட்டிக்காரன்!"

மிக்ஸ் பண்ண உட்கார்ந்ததும் 2048-க்கே போய்விட்டேன். பெருசா வைக்கச் சொன்னது அவன்தான் என்றாலும், அந்த எண்ணாவது நானாகக் கண்டுபிடித்தது.