கருவளையம் இடம் மாறிய வருடம்

என் கணவர் குறட்டை விடுவார் என்பது கல்யாணமான முதல் வாரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அதை ஒரு குறையாக நான் நினைத்ததில்லை. மரக்காணத்தில் உப்பளம் வைத்திருப்பவர், விடிவதற்கு முன்பே பாத்திக்குப் போய் வெயில் உச்சிக்கு வரும்வரை வரப்பிலேயே நிற்பவர், அவர் விடாமல் வேறு யார் குறட்டை விடுவார்கள்? ஆனால் உடம்பு பெருத்துக் கழுத்து தடித்த பிறகு அந்தச் சத்தமே மாறிவிட்டது. இழுத்து இழுத்து வந்துகொண்டிருப்பது திடீரென்று நின்றுபோகும். மார்பு ஏறப் பார்க்கும், ஏறாது. வாய் திறந்திருக்கும், காற்று உள்ளே போகாது. அப்புறம் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தவர் தலையைத் தூக்கியது போல ஒரு பெரிய மூச்சு. உடனே மறுபடியும் குறட்டை.

அவருக்கு இது எதுவுமே தெரியாது. காலையில் எழுந்து, "நல்லா தூங்கினேன், ஆனா தூங்கின மாதிரியே இல்ல" என்பார். சாப்பிடும்போது கையில் சோற்றோடு கண் சொருகும். ஒருமுறை பெட்ரோல் பங்க்கில் வண்டியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கிவிட்டார்.

தூக்கம் போனது எனக்குத்தான். அவர் பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பேன். சத்தம் நின்றால் உலுக்குவேன். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். அளவு கொடுக்க வருகிறவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, கண்ணுக்குக் கீழ மை பூசின மாதிரி இருக்குது" என்பார்கள். தையல் வேலை அதிகம் என்று சொல்லிச் சமாளிப்பேன்.

கடல் பொங்கி உப்பளத்துக்குள் வந்ததற்கு அடுத்த வருடம் அது. பாத்திகளில் ஏறிய சேற்றை வாரிக் கொட்டி, உடைந்த வரப்புகளைத் திரும்பக் கட்டி, அந்தக் கோடையில்தான் மறுபடியும் வெள்ளையாக உப்பைப் பார்த்தோம். ஒருநாள் மத்தியானம் அளத்துக்குச் சாப்பாடு எடுத்துப் போயிருந்தேன். அவர் சாப்பிட்டுக் கை கழுவி, கொட்டகையில் கிடந்த கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தார். சாய்ந்ததும் குறட்டை. உப்பு சுமக்கிற பெண்கள் தலையில் கூடையோடு கொட்டகையைத் தாண்டித்தான் குவியலுக்குப் போகவேண்டும். சிரித்துக்கொண்டே போய் வந்தார்கள்.

சத்தம் நின்றது.

முன்னால் வந்த பெண் நின்றுவிட்டாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். யார் தலையிலிருந்தும் கூடை இறங்கவில்லை. கூடைகளிலிருந்து உப்புத் தண்ணீர் அவர்கள் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது. அத்தனை வருடம் நான் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்ததை, பட்டப்பகலில், இத்தனை பேர் பார்க்கிறார்கள். நான் எழுந்து போய் உலுக்குவதற்குள் அந்தப் பெரிய மூச்சு வந்துவிட்டது. எல்லாருமே சேர்ந்து மூச்சு விட்டது போல எனக்குக் கேட்டது.

முன்னால் நின்றவள் கூடையைக் கீழே வைத்தாள். "யக்கா, இது கொறட்ட இல்ல. மனுசன் செத்து செத்து எழுந்துக்குறாரு. நீ இன்னாத்துக்கு சும்மா வுட்டு வச்சினுக்கீற? பாண்டிக்கு இட்டுனு போ."

பாண்டிச்சேரி மருத்துவமனையில் அவர் தலையிலும் மார்பிலும் ஒயர்களை ஒட்டித் தூங்க வைத்தார்கள். மறுநாள் காலை டாக்டர் எங்கள் இருவரையும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். ஒரு கோடு அலை மாதிரி ஏறி இறங்கி ஓடியது. திடீரென்று ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல், காற்றில்லாத நாளில் பாத்தித் தண்ணீர் கிடப்பது போல நேராகக் கிடந்தது. பிறகு ஒரே எகிறல். மறுபடியும் அலை. மறுபடியும் நேர்கோடு. டாக்டர் நகர்த்த நகர்த்த அது வந்துகொண்டே இருந்தது.

என் கணவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இது நானுங்களா?"

"நீங்கதாங்க. தூங்கும்போது தொண்டையில இருக்கிற தசை தளர்ந்து காத்து போற வழிய மூடிக்குது. மூச்சு நின்னதும் மூளை உங்கள எழுப்பி விடுது. எழுந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்காது."

"இத்தினி தடவையா செத்துப் பொழைக்கிறேன்?"

டாக்டர் சிரிக்கவில்லை. காற்றை ஊதித் தொண்டையைத் திறந்து வைக்கிற ஒரு மெஷின் இருக்கிறது, மூக்கில் மாஸ்க் மாட்டிக்கொண்டு தினமும் தூங்கவேண்டும் என்றார். இவர் தலையாட்டினார். எனக்கோ அந்தக் கோடுகளை விட்டு மனம் நகரவில்லை. யாரும் சொல்லாமலேயே அந்த உடம்பு எழுந்திருக்கிறது. கைவிடாமல் தன்னைத் தானே தட்டி எழுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது.

மெஷின் வீட்டுக்கு வந்தது. டிபன் பாக்ஸை விடக் கொஞ்சம் பெரியது. அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் நுனியில் மூக்கை மூடுகிற மாஸ்க், அதைத் தலையோடு பிடித்துக்கொள்ள நாலு பட்டை. அவர் பட்டைகளை இழுத்து இழுத்து இறுக்கினார்.

"ரொம்ப இறுக்காதீங்க" என்றேன்.

"மடை கசிஞ்சா பாத்தி போச்சி. இதுவும் அப்டித்தான்" என்று இன்னும் ஒரு இழுப்பு இழுத்தார்.

நான் கண் விழித்தபோது ஜன்னலில் வெளிச்சம் வந்திருந்தது. வீட்டில் சத்தமே இல்லை. ஐயோ போய்விட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். பதறித் திரும்பினேன். அவர் மார்பு ஏறியது, இறங்கியது. மறுபடி ஏறியது. எதிலும் அவசரமே இல்லை. மெஷின் மட்டும் தூரத்தில் காற்று வீசுவது போல மெல்ல இரைந்துகொண்டிருந்தது. எழுந்து அடுப்பு பற்ற வைக்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. தரையில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மனிதர் மூச்சு விடுவது இவ்வளவு அழகாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அவர் எழுந்து மாஸ்க்கைக் கழற்றினார்.

"கனா கண்டேன்" என்றார்.

"இன்னா கனா?"

"ஒண்ணுமில்ல. பாத்தியில தண்ணி பாஞ்சினு இருக்குது. நான் நின்னு பாக்குறேன். அவ்ளோதான். கனா கண்டு எத்தினி வருசம் ஆச்சு தெரியுமா?"

வாசலுக்குப் போய் நின்று வானத்தைப் பார்த்தார். எதிர் வீட்டு வேப்பமரத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார்: "எல்லாரும் தெனம் இப்டித்தான் எழுந்துக்கிறாங்களா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் முகத்தை அப்போதுதான் வெளிச்சத்தில் சரியாகப் பார்த்தேன். மூக்குத்தண்டில் சிவப்பாக ஒரு பள்ளம். கன்னங்களில் பட்டை அழுந்திய கோடு. கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் பணியாரம் போல உப்பியிருந்தது.

முதல் நாள்தானே, சரியாகிவிடும் என்று விட்டுவிட்டோம். சரியாகவில்லை. தினமும் காலையில் வீக்கம் இருந்தது. போகப் போக அதன் அடியில் கறுப்பு படிந்தது. அதே நாட்களில் என் கண்ணைச் சுற்றியிருந்த கறுப்பு வெளுத்துக்கொண்டே வந்தது. இரண்டு பேரும் சேர்ந்தாற்போலக் கண்ணாடி முன்னால் நின்ற ஒரு நாள் அவர்தான் அதைக் கண்டுபிடித்தார். "உன்னுத எங்கிட்ட குடுத்துட்டியா?" என்று சிரித்தார். வேடிக்கையாகச் சொன்னதுதான்.

ஊர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. டீக்கடையில் அவர் குடிக்கிறார் என்றார்கள். ரவிக்கை தைக்க வந்தவர்கள், கடல் கொண்டுபோன உப்பை நினைத்து மனுஷன் அழுகிறார் என்றார்கள். என் முகம் தெளிந்ததும் அவர் முகம் வீங்கியதும் ஒரே சமயத்தில் நடந்ததால், நான் அவரை அடிக்கிறேன் என்றுகூட ஒரு பேச்சு கிளம்பியது. இதெல்லாம் இரும்பை கிராமத்துப் பக்கம் விவசாயம் பார்க்கும் என் அண்ணன் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணனும் அண்ணியும் வந்து இறங்கினார்கள். அண்ணன் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

"மாப்ள, நேரா கேக்குறேன். குடிக்கிறீங்களா?"

"இல்ல மச்சான்."

"அப்ப அந்தக் கண்ணு?"

"மாஸ்க்கு."

"இன்னா மாஸ்க்கு?"

அவர் விளக்கிச் சொல்லப் பார்த்தார். அண்ணனுக்குப் பிடிபடவில்லை. கடைசியில், "வாங்க, காட்டுறேன்" என்று உள்ளே போய்க் கட்டிலில் படுத்து மாஸ்க்கை மாட்டி மெஷினைப் போட்டார். காட்டுவதற்காகத்தான் படுத்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம், மின்விசிறியும் ஓடியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டார்.

அண்ணன் ஏதோ கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். அண்ணி கட்டிலுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார். மாஸ்க்கின் முன்னால் காற்று வெளியேறுகிற சின்னச் சின்ன ஓட்டைகள் உண்டு. அதற்கு நேராக உள்ளங்கையை நீட்டினார். கையை அப்படியே வைத்துக்கொண்டு, அவரை எழுப்பிவிடக் கூடாது என்ற பயத்தில் கிசுகிசுத்தார். "வருதுங்க. நிக்காம வருது. இங்க கைய வச்சி பாருங்க."

அண்ணனும் கையை வைத்தார். கோயிலில் கற்பூரத் தட்டு முன்னால் நிற்பது போல அவர் முகம் ஆகிவிட்டது. மூன்று பேரும் அந்தச் சின்ன அறையில் உட்கார்ந்து, ஒரு மனிதர் மூச்சு விடுவதைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். நியாயம் கேட்க வந்தவர்கள் வந்த காரியத்தையே மறந்துவிட்டார்கள்.

அவர் எழுந்ததும் அண்ணன் முதலில் கேட்டது, "நானு ஒரு தபா போட்டுப் பாக்கட்டுமா?" மாட்டிவிட்டோம். மூக்கில் காற்று புகுந்ததும் கண்கள் விரிந்தன. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மூக்கில் போன காற்று வாய் வழியே சீறிக்கொண்டு வெளியே வந்தது. பேச்சு வரவில்லை. மிரண்டுபோய் மாஸ்க்கைப் பிடுங்கிப் போட்டார். அண்ணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்ததில் எங்கள் எல்லாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கப்புறம்தான் அண்ணன் தண்ணீர் கேட்டார்.

போகும்போது அண்ணன் வாசலில் நின்று சொன்னார்: "வெளியில எவனாவது எதுனா பேசினா எங்கிட்ட அனுப்பு பாப்பா. ஆனா அந்தக் கண்ணுக்கு எதுனா பண்ணு."

பண்ணத்தான் பார்த்தேன். பழைய பருத்தித் துணியை மடித்து, மாஸ்க்கின் ஓரத்துக்கு மெத்தை போலத் தைத்துக் கொடுத்தேன். அது இன்னும் மோசமாகிவிட்டது. துணிக்கும் தோலுக்கும் நடுவே காற்று கசிந்து நேராகக் கண்ணுக்குள் அடித்தது. காலையில் கண் சிவந்து எரிந்தது. அவர் அதற்கும் பட்டையை இன்னும் இறுக்கினார். வீக்கம் இன்னும் கூடியது.

திரும்பவும் பாண்டிக்குப் போனோம். மாஸ்க் மாட்டிவிடுவதற்கென்றே அங்கே ஒரு பெண் இருந்தார். இவர் மாட்டிக் காட்டியதைப் பார்த்ததும், "ஏங்க, மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போடுற மாதிரி இப்படி இறுக்கி வச்சிருக்கீங்க? ரத்தம் எப்படிங்க ஓடும்? நீர் கோத்துக்கிட்டு வீங்காம என்ன பண்ணும்?" என்றார்.

"கசிஞ்சிட்டா மூச்சு நின்னுடுமேன்னு" என்றார் இவர். அதைச் சொல்லும்போது குரல் இறங்கிப்போனது. அந்த பயம் அவருக்குள் இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கம்ப்யூட்டரில் பார்த்த கோட்டை அவர் மறக்கவே இல்லை.

அந்தப் பெண் அவரைப் படுக்க வைத்து, வேறொரு சின்ன மாஸ்க்கை எடுத்து மூக்கில் வைத்தார். காற்றைப் போட்ட பிறகுதான் பட்டையைத் தொட்டார். காற்று ஏறியதும் மாஸ்க்கின் ரப்பர் விளிம்பு தானாக உப்பி முகத்தில் உட்கார்ந்துகொண்டது. "பாருங்க, இத நீங்க அழுத்தவே வேணாம். காத்தே புடிச்சிக்கும். பட்டைக்குள்ள உங்க வெரல் போகணும்." இவர் விரலை விட்டுப் பார்த்தார். போனது. ஆனாலும் கசியவில்லை. படுத்தபடியே என்னைப் பார்த்து, நம்ப முடியவில்லை என்பது போலத் தலையை அசைத்தார்.

மழை தொடங்குவதற்குள் வீக்கம் வடிந்துவிட்டது. மூக்குத்தண்டுப் பள்ளம் மறைந்தது. கறுப்பு மட்டும் பாதிதான் போனது, மீதி அங்கேயே தங்கிவிட்டது. மருத்துவமனையில் கேட்டதற்கு, அது சிலருக்கு அப்படித்தான் இருக்கும், கெடுதல் இல்லை என்றார்கள்.

அடுத்த வருடம் ஏதோ ஒரு அடையாள அட்டைக்காக ஸ்டூடியோவுக்குப் போனோம். போட்டோ எடுக்கிறவர் கேமராவில் பார்த்துவிட்டு, "சார், கண்ணுக்குக் கீழ கருப்பா தெரியுது. பிரிண்ட் போடும்போது கம்ப்யூட்டர்ல எடுத்துடட்டுமா?" என்று கேட்டார்.

"எடுக்காதப்பா" என்றார் இவர். "அது இருக்கட்டும்."

போட்டோக்காரர் காரணம் கேட்டார். என் கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தூங்கும்போது மனிதத் தொண்டை எப்படி மூடிக்கொள்கிறது என்று முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். வெளியே இரண்டு பேர் போட்டோவுக்குக் காத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களும் உள்ளே வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.